குனில்லாவின் வயிறும் ஏழு விளக்குகளும்

'டமால்!'

சத்தம் கூடத்திலிருந்து வந்தது. தொடர்ந்து ஏதோ ஒன்று தரையில் உருண்டோடிச் சுவரில் முட்டி நின்றது. சமையலறையில் அடுப்பிலிருந்து குங்குமப்பூ பன் தட்டை வெளியே எடுத்துக்கொண்டிருந்த குனில்லா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தோர்க்கெல், பூந்தொட்டியா? உன் முழங்காலா?"

"பூந்தொட்டிதான்!" என்று கூடத்திலிருந்து பதில் வந்தது. "உன் பொண்ணோட பாட்டுக்காரங்க மறுபடியும் என் பேச்சைக் கேக்கல குன்னி. நான் கையை மெதுவாத்தான் தூக்கறேன். அந்தக் கை என்னை விட்டுட்டு மேகத்துக்குப் போயிடுது. பொம்பளைங்க எல்லாம் ஒரே நேரத்துல கத்த ஆரம்பிச்சுட்டாங்க. நிறுத்துங்கன்னு கையை வீசினேன்."

"நின்னாங்களா?"

"தொட்டிதான் நின்னுச்சு."

குனில்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு நாளாக இருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பாள். இன்று சாயங்காலம் அவளுடைய இணையப் பக்கத்தில் முகத்தில் மாட்டினால் வேறு உலகத்தைக் காட்டுகிற வி.ஆர். ஹெட்செட்டுகளின் இந்த வருடக் கடைசி ஒப்பீடு வெளியாக வேண்டும். நாளை லூசியா நாள், கிறிஸ்துமஸுக்கு முன் வரும் விளக்குத் திருநாள். ஸ்வீடன் முழுக்கக் கிறிஸ்துமஸ் பரிசு வாங்கக் கிளம்புகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் கடைக்குப் போவார்கள். அதே நாளில், அவள் ஒரே மகள் இல்வா மூன்று வருடம் கண்ணும் கருத்துமாக உழைத்துச் செய்த விளையாட்டும் வெளிவருகிறது. அந்த விளையாட்டு ஓடுகிற ஒரே ஹெட்செட்டைப் பற்றி, 'இதில் கைகள் நடுங்குகின்றன' என்று குனில்லா எழுதி வைத்திருக்கிறாள்.

பெற்ற வயிறு ஒரு பக்கம், படிப்பவர்களுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். நடுவில் அவள்.

ஷெவ்டே நகரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த மின்சாதனக் கடையில் இருபது வருடத்துக்கும் மேலாக விற்பனையாளராக நின்றவள் குனில்லா. சலவை இயந்திரத்திலிருந்து காதுக்கருவி வரை, "எது நல்லது குனில்லா?" என்று கேட்டு வருவார்கள். முதலாளிக்கு லாபம் எதில் என்று பார்க்காமல், வந்தவருக்கு நல்லது எது என்று சொல்வாள். அதனால் அவளுக்குப் பதவி உயரவில்லை, பேர் உயர்ந்தது. ஒரு நாள் கடை மூடப்பட்டது. கடைசியாகக் கிடைத்த பணத்தில் மற்றவர்கள் எல்லாம் கனேரித் தீவுக்குப் போய் வெயில் காய்ந்தார்கள். குனில்லா ஒரு வி.ஆர். ஹெட்செட் வாங்கி வந்தாள்.

அதை முகத்தில் மாட்டிப் பத்து நிமிடம் ஆகவில்லை, ஓடிப்போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் வாந்தி எடுத்தாள்.

தோர்க்கெல் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவியின் முதுகைத் தடவிக்கொண்டே, "கோட்லண்ட் தீவுக்குக் கப்பல்ல போனாலே வாளியைத் தேடறவ நீ. உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேலி செய்தார்.

அன்று இரவு முழுக்க அந்தக் கேள்வி அவளைக் குடைந்தது. காலையில் பதில் கிடைத்தது. கடையில் இதை விற்கிற இருபது வயதுப் பையன்களுக்குத் தலை சுற்றுவதில்லை. அப்படியானால் தலை சுற்றுகிறவர்களுக்கு யார் சொல்வது? ஆசை ஆசையாக வாங்கிப்போய்ப் பெட்டிக்குள் திருப்பி வைத்துவிட்டு, தங்கள் உடம்பில்தான் குறை என்று நினைத்துக்கொள்கிறார்களே, அவர்களுக்கு யார் துணை?

அப்படித் தொடங்கியதுதான் அவளுடைய பக்கம். ஒவ்வொரு ஹெட்செட்டையும் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு நிற்பாள். பிறகு வயிறு எவ்வளவு அமைதியாக இருந்தது என்று பார்த்து, பத்துக்கு இத்தனை என்று 'வயிற்று மதிப்பெண்' போடுவாள். நாடு சிரித்தது. பிறகு படித்தது. பிறகு நம்பியது. தயாரிப்பாளர்கள் இலவசமாக அனுப்பிய பெட்டிகளைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினாள். தன் காசில் வாங்கி, சோதித்து, கை மாற்றி விற்றுவிடுவாள். விற்கும்போது கொஞ்சம் நஷ்டம் வரும். "அந்த நஷ்டம்தான் என் நாக்குக்குக் குடுக்கற கூலி" என்பாள்.

இந்த வருடம் மேஜை மேல் மூன்று ஹெட்செட்டுகள் இருந்தன. 'டிப்போ' நாலாயிரம் குரோனர். 'ஹோல்மா' ஆறாயிரத்து ஐந்நூறு. 'ஆர்க்டன்' பதினாறாயிரம், கை அசைவைக் கண்காணிக்கச் சுவரில் மாட்டுகிற பெட்டிகளைச் சேர்த்தால் பத்தொன்பதாயிரத்தைத் தொடும். விலையை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். குனில்லா எதிர்காலத்தையும் சொல்வாள். இந்தக் கம்பெனி இன்னும் மூன்று குளிர்காலம் தாங்குமா? இன்று வாங்கிய விளையாட்டு நாளை வரும் புதுப் பெட்டியிலும் ஓடுமா? கை மாற்றி விற்றால் பாதியாவது தேறுமா? அம்மாக்களும் அப்பாக்களும் கேட்கிற கேள்விகள் இவைதான்.

மூன்றில் இல்வாவின் விளையாட்டு ஓடுவது ஹோல்மாவில் மட்டும். அது ஒரு சேர்ந்திசைக் குழுவை நடத்துகிற விளையாட்டு. தெருவுக்கொரு பாடகர் குழு இருக்கிற நாட்டில், எல்லோரும் மனதுக்குள் ஒரு முறையாவது ஆசைப்பட்டதுதான் அது. கையை உயர்த்தினால் நாற்பது பேர் மூச்சை இழுப்பார்கள். விரலை அசைத்தால் பாட்டு கசியும். எல்லாமே கைதான். அந்தக் கைதான் நடுங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை இதைச் சொன்னபோது இல்வாவின் முகம் சிவந்துவிட்டது. "எங்க ஆபீஸ்ல ஒரு தடவைகூட நடுங்கலம்மா. ஒரு தடவைகூட! மூணு வருஷத்தை உன் கூடத்துல அரை மணி நேரம் நின்னு தீர்ப்பு சொல்லிடுவியா?" என்று கேட்டுவிட்டுச் சட்டையின் கைப்பகுதியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனவள்தான். அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. எதிர் வீட்டுச் சன்னல்களில் பகலிலும் எரிந்த கிறிஸ்துமஸ் விளக்கு வளைவுகள் இப்போது பளிச்சென்று தெரிந்தன. அழைப்பு மணி அடித்தது.

வாசலில் ஹாம்புஸ். இல்வாவின் கம்பெனியைத் தொடங்கியவன். முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டான், தாடியில் பனி ஒட்டியிருந்தது. அவனுக்குப் பின்னால், கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி இல்வா.

"வா ஹாம்புஸ். ஷூவைக் கழட்டிட்டு வா, காபி ரெடி" என்ற குனில்லா மகளைப் பார்த்தாள். "பன் இன்னும் சூடா இருக்குடி."

"பசிக்கல" என்றாள் இல்வா. ஆனாலும் உள்ளே வந்தாள்.

ஹாம்புஸ் முதல் கோப்பை காபி தீரும்வரை வானிலை பேசினான். இரண்டாவது கோப்பையில் விஷயத்துக்கு வந்தான்.

"குனில்லா, நேராவே கேட்டுடறேன். அந்த ஒரு வரி. கை நடுங்குதுங்கற வரி. அதை மட்டும் ஜனவரிக்குத் தள்ளி வைக்க முடியுமா? பொய் எழுதச் சொல்லல. இப்போதைக்கு எழுதாதீங்கன்னுதான் கேக்கறேன்."

"எழுதலேன்னா?"

"முதல் வாரத்துல வித்தாத்தான் முதலீடு போட்டவங்க மறுபடியும் பணம் போடுவாங்க. விக்கலேன்னா பிப்ரவரியில கடையைச் சாத்திட்டு நாங்க ஆறு பேரும் வேற வேலை தேட வேண்டியதுதான். இல்வாவும் சேர்த்துத்தான்."

கடை சாத்தினால் எப்படி இருக்கும் என்று குனில்லாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசி நாளன்று, காலியான அலமாரிகளைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு நடந்து வந்த பாதை இன்னும் கால்களுக்கு நினைவிருக்கிறது. அந்தப் பாதையில் தன் மகளா?

"ஹாம்புஸ், உன் அம்மா எந்த ஊரு?"

"லூலியோ. ஏன்?"

"அவங்க பென்ஷன் பணத்துல ஆறாயிரத்து ஐந்நூறு குடுத்து ஹோல்மா வாங்கறாங்கன்னு வையி. நாளைக்குச் சாயங்காலம் மாட்டறாங்க. கை பறந்து போகுது. தனக்குத்தான் வயசாயிடுச்சு, தன் கைதான் நடுங்குதுன்னு நினைச்சுப்பாங்க. ஜனவரியில நான் வந்து, இல்லம்மா, எனக்கு அப்பவே தெரியும்னு சொல்லணுமா?"

ஹாம்புஸ் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"ஹோல்மாவுக்கு நல்ல எதிர்காலம் இருக்குன்னு எழுதியிருக்கேன். டிப்போவை நஷ்டத்துக்கு விக்கறாங்க, அந்தக் கம்பெனிக்கு எப்ப அலுத்துப் போகும்னு யாருக்கும் தெரியாது. ஆர்க்டன் பணக்காரன் வீட்டுக் குதிரை. நடுவுல நிக்கறது ஹோல்மாதான். நான் வாங்கினா அதைத்தான் வாங்குவேன். ஆனா கை நடுங்குது. நடுங்குதுன்னா நடுங்குது. பெத்த பொண்ணுக்காக அதை மறைச்சா, நாளைக்கு இவ செஞ்சது நல்லா இருக்குன்னு நான் சொல்றப்போ யார் நம்புவா?"

இல்வா தன்னையறியாமல் ஒரு பன்னை எடுத்துப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன. கோபத்தாலா, வேறெதனாலா என்று பெற்றவளாலும் சொல்ல முடியவில்லை.

"நானே ஒரு தடவை பாக்கறேன்" என்று ஹாம்புஸ் எழுந்தான். ஹோல்மாவை மாட்டிக்கொண்டான். அதோடு வரும் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு கூடத்தின் நடுவில், சன்னலைப் பார்த்து நின்றான். அந்த ஒரு இடத்தில்தான் கை வீச இடம் உண்டு.

அவன் கையைத் தூக்கினான். அடுத்த நொடி, "அய்யய்யோ!" என்றான். "வலது கை எங்க போச்சு? கூரைக்கு மேல போயிடுச்சே!"

"மேகத்துல தேடு" என்றார் தோர்க்கெல். உடைந்த தொட்டியின் மண்ணைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். "என்னோடதும் அங்கதான் இருக்கு."

ஹாம்புஸின் முகம், ஹெட்செட்டுக்குக் கீழே தெரிந்த அளவுக்கு, வெளுத்துப்போயிருந்தது. "ஆபீஸ்ல இப்படி இல்லவே இல்லையே... குனில்லா, இது எப்போலேர்ந்து?"

"நவம்பர்ல ஹெட்செட்டை வாங்கினப்போ நல்லாத்தான் இருந்துச்சு. அப்பவே வயித்து மார்க்கும் போட்டுட்டேன். விளையாட்டு கைக்கு வந்தப்புறம்தான் இந்தக் கூத்து. படிக்கறவங்களும் எழுதறாங்க, மாசக் கடைசியிலேர்ந்து கை சரியில்லன்னு. ஊமியோவுல, மால்மோவுல, எல்லா ஊர்லயும். ஸ்பெயின்ல குடியிருக்கற நம்ம ஆளுங்க மட்டும் ஒண்ணும் சொல்லல. கம்பெனிக்காரன் ஏதோ புது மாத்தம் செஞ்சு கெடுத்துட்டான்னு நினைச்சேன்."

தோர்க்கெல் முறத்தோடு நிமிர்ந்தார். நிமிர்ந்தவரின் முழங்கால் மக்கர் செய்தது. தடுமாறிச் சன்னல் திண்டைப் பிடித்தார். அங்கே நின்ற மர விளக்கு வளைவு ஒரு ஆட்டம் ஆடியது. ஏழு சின்ன பல்புகளில் ஒன்று திருகு கழன்றது. ஒன்று கழன்றால் ஏழும் அணையும் ரகம் அது. சன்னல் இருட்டாகிப்போனது.

"வந்துடுச்சு!" என்று ஹாம்புஸ் கத்தினான். "கை வந்துடுச்சு! இதோ, என் கையேதான்! அடடா, பாடறாங்க!"

"மன்னிச்சுக்க குன்னி" என்று முனகிக்கொண்டே தோர்க்கெல் பல்பைத் திருகினார். ஏழும் எரிந்தன.

"போச்சு! மறுபடியும் போச்சு!"

கையில் காபிக் கூஜாவோடு நின்ற குனில்லா சன்னலைப் பார்த்தாள். பிறகு கூஜாவை மெல்ல மேஜை மேல் வைத்தாள்.

"தோர்க்கெல், அந்த பல்பைக் கழட்டு."

"ஏன்? இப்பத்தானே மாட்டினேன்."

"கழட்டுய்யா!"

கழற்றினார். "வந்துடுச்சு!" என்றான் ஹாம்புஸ், உலகத்தில் நடப்பது எதுவும் தெரியாமல்.

"மாட்டு."

"போச்சு!"

இல்வாவின் கையிலிருந்து பன் விழுந்தது. "அம்மா..." என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்தச் சொல் இப்போதுதான் அவள் வாயிலிருந்து வருகிறது. "கைப்பிடியில குட்டிக் குட்டி விளக்கு இருக்கு. நம்ம கண்ணுக்குத் தெரியாது. ஹெட்செட்டோட கேமரா அந்தப் புள்ளிகளைப் பாத்துத்தான் கை எங்க இருக்குன்னு கண்டுபிடிக்குது. டிப்போவும் ஆர்க்டனும் வேற வழியில கண்டுபிடிக்கும். நம்ம சன்னல்ல ஏழு புள்ளி வரிசையா எரியுது. அதையும் கைன்னு நினைச்சுக்குது!"

"உங்க ஆபீஸ்ல?"

"ஆபீஸ் பாதாள அறைம்மா. அங்க சன்னலே கிடையாது."

குனில்லா நெற்றியில் அடித்துக்கொண்டாள். நவம்பர் கடைசி ஞாயிறு, கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் அட்வென்ட் காலம் தொடங்கிய அன்று, இந்த நாட்டில் சன்னல் உள்ள ஒவ்வொரு வீடும் விளக்கு வளைவை எடுத்து வைத்தது. தோர்க்கெல் எடுத்து வைத்ததை அவளும்தான் பார்த்தாள். இந்த வருடம் ஒரு பல்புகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை என்று பாராட்டவும் செய்தாள். டிசம்பரில் அந்த விளக்கைக் கண் பார்க்கும், மனம் பார்க்காது. ஊமியோவிலிருந்து மால்மோ வரை எல்லோர் கண்ணெதிரிலும் எரிந்துகொண்டிருந்தது, யார் கண்ணிலும் படவில்லை.

ஹாம்புஸ் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, விஷயம் கேட்டு, துள்ளிக் குதித்தான். "அவ்வளவுதானே! விளக்கை அணைச்சுட்டு விளையாடுங்கன்னு எழுதிடுங்க!"

மூவரும் அவனைப் பார்த்த பார்வையில் அவன் துள்ளல் அடங்கியது.

"லூசியா அன்னிக்கு?" என்றார் தோர்க்கெல். "சன்னலை இருட்டாக்கிட்டா? அடுத்த வீட்டுக்காரன் வந்து, யாராவது செத்துட்டாங்களான்னு கேப்பான்."

"லூலியோவுல இருக்கற உங்கம்மா அணைப்பாங்களா?" என்று கேட்டாள் குனில்லா.

"மாட்டாங்க" என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

இல்வா உட்காரவில்லை. ஹோல்மாவை எடுத்துக்கொண்டாள். கூடத்தின் நடுவில் நின்று விளக்கு வளைவைப் பார்த்தாள், எதிர்ச் சுவரைப் பார்த்தாள், மறுபடி விளக்கைப் பார்த்தாள். மெல்லத் திரும்பி, சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"ஹாம்புஸ், குழுவை நடத்தறவர் எந்தப் பக்கம் பாத்து நிப்பார்?"

"பாடறவங்களைப் பாத்து."

"அவருக்குப் பின்னாடி?"

"சபை..." என்று இழுத்தான்.

"விளையாட்டு தொடங்கறப்போ ஒரே ஒரு வரி போடுவோம். 'சன்னல் விளக்குகளுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். அவைதான் உங்கள் சபை.' கேமரா எல்லாம் முன்னாடியும் பக்கத்துலயும்தான் இருக்கு. பின்னாடி கண்ணு கிடையாது. விளக்கை அணைக்கவே வேண்டாம்!"

குனில்லா மகளையே பார்த்தாள். தான் பெற்ற பெண்ணா இது? அழுத கண்ணோடு வந்தவள், அந்தக் கண் காய்வதற்குள் வழி கண்டுவிட்டாளே! ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத் துடித்த கைகளை அடக்கிக்கொண்டு கேட்டாள்: "சொல்றது சரி. வேலை செய்யுதான்னு யார் பாக்கறது?"

இல்வா ஹெட்செட்டை நீட்டினாள். "குனில்லாவோட வயிறுதான் பாக்கணும்."

குனில்லா மாட்டிக்கொண்டாள். சன்னலுக்கு முதுகைக் காட்டினாள். பின்னால் ஏழு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. கையைத் தூக்கினாள். நாற்பது பேர் மூச்சை இழுத்தார்கள். கை நடுங்கவில்லை. மேகத்துக்கும் போகவில்லை. அது அவளுடைய கையாகவே இருந்தது, பல வருடம் பெட்டி தூக்கிய, விலைச் சீட்டு ஒட்டிய கை. அதன் அசைவுக்குப் பாட்டு எழுந்தது.

இவ்வளவு நாளும் முதல் பாட்டைத் தாண்டி அவள் போனதே இல்லை, கை பறந்து எல்லாம் கலைந்துவிடும். இன்று இரண்டாம் பாட்டு வந்தது. கனத்த குரல் பெண்களின் வரிசையில் வெளிச்சம் விழுந்தது. அந்த வரிசையின் கோடியில் ஒரு அம்மாள் நின்றாள். கட்டையான உருவம். குட்டை முடி. மூக்கின் நுனியில் கண்ணாடி. ஒரு கையால் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையை வயிற்றின் மேல் வைத்திருந்தாள். கப்பலில் ஏறியவள்போல.

குனில்லாவின் கை நடுங்கியது. இந்த முறை பழி ஹெட்செட்டின் மேல் இல்லை.

"இல்வா... இந்தக் கோடியில நிக்கறது..."

"தெரியுதா?" என்றாள் மகள். "மூணு வருஷத்துக்கு முன்னாடி, முதல்ல வரைஞ்ச ஆளே நீதான்மா. மத்த முப்பத்தொன்பது பேரும் உனக்கு அப்புறம்தான் வந்தாங்க."

"எனக்குப் படமே தெரியல" என்று குனில்லா தடுமாறினாள். "கண்ணாடியெல்லாம் ஆவி பிடிச்சுப்போச்சு."

"ஆவியா? உள்ள அழுதுட்டிருக்கே" என்றார் தோர்க்கெல். அவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தார்.

குனில்லா கழற்றவில்லை. விதி என்றால் விதிதான், அரை மணி நேரம் நின்றே தீர்த்தாள். கன்னத்தில் வழிந்தது வழிந்தபடி இருக்க, கடைசிப் பாட்டு வரை நடத்திவிட்டுத்தான் ஹெட்செட்டைக் கழற்றினாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். கடல் அமைதியாக இருந்தது.

பிறகு கணினி முன் உட்கார்ந்தாள். ஹாம்புஸ் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். பக்கத்தின் உச்சியில், 'இந்த விளையாட்டைச் செய்தவர்களில் ஒருத்தி என் மகள். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்' என்ற வரி முன்பே இருந்தது. ஹோல்மாவுக்கு நேரே அவள் விரல்கள் ஓடின.

"கை நடுங்கும்ங்கற வரி அப்படியே இருக்கே!" என்றான்.

"இருக்கும். சன்னலைப் பாத்து நின்னா நடுங்கத்தானே செய்யுது? பக்கத்துல மருந்தும் எழுதியாச்சு, படி."

படித்தான். 'ஏன் நடுங்குகிறது என்று கண்டுபிடிக்காமல் பத்து நாளுக்கு மேல் விளக்கைப் பார்த்துக்கொண்டே நின்றேன், நீங்களும்தான்' என்று இருந்தது. எந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்று இருந்தது. விளையாட்டின் வயிற்று மதிப்பெண்ணுக்கு வந்ததும் அவன் நிமிர்ந்தான்.

"பத்துக்குப் பத்தா? நீங்க யாருக்குமே பத்து போட்டதில்லையே!"

"போடறதுக்கு யாரும் வரல" என்றாள் குனில்லா. "வந்தா போடுவேன்னு காத்துட்டிருந்தேன். என் வீட்டுலேர்ந்தே வருவாங்கன்னு நினைக்கல."

சாப்பாட்டு மேஜையில் தன் கணினியோடு உட்கார்ந்திருந்த இல்வா, புது வரியைச் சேர்த்து அனுப்பிவிட்டு, வந்து அம்மாவின் கழுத்தைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். மலைபோல் வந்தது பனிபோல் விலகியது என்பார்களே, அந்தப் பனி குனில்லாவின் தோளில் சூடாகக் கரைந்தது.

மற்ற நாலு பேரும் பாதாள அறையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பார்கள் என்று ஹாம்புஸ் கிளம்பினான். ஷூவை மாட்டினான். தோர்க்கெல் ஒரு பை நிறைய பன்களை அவன் கையில் திணித்தார்.

"இல்வா, நீ வரல?"

"இல்ல. எனக்கு இப்பத்தான் பசிக்குது."

ஹாம்புஸ் கதவைத் திறந்தான். வாசற்படியில் நின்று தெருவைப் பார்த்தான். பனிக்கு நடுவே, சன்னல் சன்னலாக, வளைவு வளைவாக ஏழேழு விளக்குகள் தெரு முனைவரை எரிந்தன.

"எவ்வளவு பெரிய சபை" என்றான் தாழ்ந்த குரலில்.

"குளிர் உள்ள வருதுப்பா" என்றாள் குனில்லா. "போய் உங்கம்மாவுக்கு ஒரு போன் போட்டு, எந்தப் பக்கம் திரும்பி நிக்கணும்னு சொல்லு."

அவன் சிரித்துக்கொண்டே படி இறங்கினான். தோர்க்கெல் கதவைச் சாத்தினார்.